எத்தனை ஓம்?

மின்தடையின் அலகு என்ன என்று என்னைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் 'ஓம்' என்று சொல்லிவிடுவேன். விஞ்ஞானம் படித்துக்கொடுப்பவனுக்கு இது பெரிய திறமை இல்லைதான். ஆனால் இந்தத் திறமையாலேயே வாழ்க்கையைக் கோட்டைவிட்ட ஒரே ஆள் இந்த இலங்கையில் நானாகத்தான் இருப்பேன். (போட்டிக்கு வேறு யாராவது இருந்தால் வரட்டும். பிளேன்டீ வாங்கிக் கொடுத்துக் கூடவே உட்கார்ந்து அழுகிறேன்.)

எனக்குச் சொந்த ஊர் நாவலப்பிட்டி. வேலை கிடைத்தது கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைப் பக்கம் போகும் பாதையில் ஒரு பள்ளிக்கூடத்தில். அக்காவைக் கட்டுகஸ்தோட்டையில் கட்டிக் கொடுத்திருந்ததால் அவள் வீட்டிலேயே போய் விழுந்துவிட்டேன். அக்காவுக்கு ஒரே மகள், தனுஷா. அவளும் அதே பள்ளிக்கூடம்தான், அப்போது எட்டாம் வகுப்பு. வீட்டில் நான் அவளுக்கு மாமா. பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிவிட்டால் வாத்தியார், 'சேர்'. கேட்டின் நடுவில் வைத்து ஏதாவது கேட்டால் 'மாமசேர்' என்பாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு விஷயத்துக்கு ஒரு சொல் என்று கிடையாது. எங்களைப்போல மலைநாட்டுப் பிள்ளைகள் சம்மதம் என்றால் 'ஆமா' என்பார்கள். மடவளைப் பிள்ளைகள் 'ஓ' என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நாங்கள் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தோம். அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நியமனம் பெற்று, அவரும் விஞ்ஞானத்துக்கே, கௌரி டீச்சர் வந்தார். அவர் ஊரில் சம்மதத்துக்குச் சொல் 'ஓம்'.

வந்த முதல் வாரமே சங்கதி தொடங்கிவிட்டது. மின்சுற்றுப் பாடம். ரிஸ்வான் என்ற பையன் ஒரு தடையியைத் தூக்கிக் காட்டிக் கேட்டான்:

"டீச்சர், இது நூறு ஓமா?"

"ஓம்."

"நூறு ஓமா டீச்சர்?"

"ஓம் ஓம்."

"அப்ப எல்லாம் சேத்து எத்தன ஓம் டீச்சர்?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் சொன்ன ஓமை விட்டிட்டு எண்ணுங்கோ" என்றார். ரிஸ்வான் எதையும் விடவில்லை. 'நூறு ஓம் ஓம் ஓம்' என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தான். அந்தக் கொப்பி திருத்த என்னிடம் வந்தபோது இது விடையா மந்திரமா என்று விளங்காமல் பாதி மார்க் போட்டேன்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் கதவோரமாக நின்று பார்த்தேன். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு, வாயைக் கையால் மூடி, தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு எனக்கு விஞ்ஞானம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் போனது.

தொலைபேசிச் செயற்றிட்டம் என்று ஒன்றை நான் ஆரம்பித்ததற்கு இதுவா காரணம் என்று கேட்டால், பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி என்றுதான் அதிபருக்குச் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. ஒரு பிள்ளை, "சேர், ஃபோன்ல குரல் எப்படிப் போகுது?" என்று கேட்டது. "கம்பியில" என்றேன். "கம்பியே இல்லையே சேர்" என்று அது என் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. சரி, கம்பியிலிருந்தே தொடங்குவோம் என்று முடிவெடுத்தோம். 'தோம்' என்பதில் கௌரி டீச்சரும் அடக்கம்.

ஆறாம் வகுப்புக்கு யோகட் கோப்பையும் நூலும். ஆளுக்கு ஒரு கோப்பை கொண்டுவரச் சொன்னேன். எல்லோரும் யோகட்டோடு கொண்டுவந்துவிட்டார்கள். அன்று விஞ்ஞான அறையில் நடந்தது பாடமில்லை, விருந்து. எட்டாம் வகுப்புக்கு நிஜத் தொலைபேசி. எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய கம்பி ஃபோன்கள் செத்துப்போய், மேலே லேஸ் விரிப்பும் அதற்கு மேலே பிளாஸ்டிக் பூச்சாடியுமாகக் கிடந்தன. பிள்ளைகள் கேட்டவுடன் ஆளாளுக்குப் பூச்சாடியை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு ஃபோனைத் தூக்கிக் கொடுத்தார்கள். "சேர், இதுல ஸ்கிரீன் எங்க?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருவன் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பேசும் பக்கத்தைக் காதில் வைத்து, "சத்தமே இல்ல சேர், செத்துப்போச்சு" என்று அறிவித்தான்.

இரண்டு ரிசீவர், ஒரு மின்கலம், ஒரு தடையி, நீளமாக வயர். இவ்வளவுதான் வேண்டும். ஈயம் உருக்கிப் பற்றவைப்பதில் டீச்சரின் கைக்கு நிகர் கிடையாது. நான் பற்றவைத்தால் ஈயம் வயரைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் ஒட்டும். எல்லாம் பூட்டி முடித்ததும் அவர் வராந்தாக் கோடிக்குப் போனார். நான் அறைக்குள் இருந்து ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"சேர், நான் கதைக்கிறது கேக்குதோ?"

கேட்டது. காதுக்குள்ளே, மிக அருகில், வேறு யாருக்கும் இல்லாமல் எனக்கு மட்டும் கேட்டது. நேரில் பேசும்போது எங்களுக்கு நடுவில் எப்போதும் ஒரு மேசையாவது மனையியல் படித்துக்கொடுக்கும் பஸீலா டீச்சராவது இருப்பார்கள். இந்த வயரில் யாரும் இல்லை. அன்றிலிருந்து நன்றாக வேலை செய்யும் லைனைக்கூட, "எதுக்கும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாப்போம் டீச்சர்" என்று சோதிக்க ஆரம்பித்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு சோதனைக்கு உள்ளான வயர் வேறு கிடையாது.

பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தோம். வயரின் தடையை மீற்றரால் அளந்து, அளவைத் தொலைபேசியிலேயே மறுமுனைக்குச் சொல்ல வேண்டும். அங்கேதான் மறுபடி ஓம் வந்து குறுக்கே படுத்தது. இந்த முனையில் ஒரு பிள்ளை "ஐம்பதா டீச்சர்?" என்று கேட்க, அந்த முனையில் டீச்சர் "ஓம்" என்க, ஐம்பதா, ஐம்பது ஓமா, வெறும் ஓமா என்று வகுப்பே குழம்பியது. நான் விடுவேனா? ஒழுங்கு என்றால் எனக்கு உயிர். கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'லைனில் ஓம் என்றால் தடை மட்டுமே. சம்மதத்துக்கு ஆமா.'

பஸீலா டீச்சர் அந்த வழியாகப் போனவர் நின்று படித்துப் பார்த்தார். "அப்ப எங்கட 'ஓ'வுக்கும் தடையா சேர்?" என்றார்.

கௌரி டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. பலகையைப் பார்த்து, "ஆ... மா" என்று சொல்லிப் பார்த்தார், பாகற்காயை முதல்முறை வாயில் வைக்கும் பிள்ளை மாதிரி. "சரியோ சேர்?" என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகு லைனில் அவர் ஒருமுறைகூட ஓம் சொல்லவில்லை. நேரில் ஓம், லைனில் ஆமா. சொன்ன சொல் தவறாத மனுஷி.

காலையில் நாங்கள் மூவரும் ஒரே பஸ். நான், தனுஷா, டீச்சர். டீச்சர் கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பஸ் மகாவலிப் பாலத்தில் ஏறியதும் அவர் பேசிக்கொண்டிருந்த பேச்சை அப்படியே நிறுத்திவிடுவார். பாதி வசனமாக இருந்தாலும் நிறுத்துவார். முகத்தை ஜன்னலோடு வைத்து ஆற்றைப் பார்ப்பார். பாலம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

"எங்கட ஊரில ஆறு இல்ல சேர்" என்றார் ஒருநாள். "கிணறுதான். இவ்வளவு தண்ணி தன்ர பாட்டுக்குப் போறத நான் இஞ்ச வந்துதான் பாத்தனான்."

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பெரிய பாதையும் அந்தப் பாலத்தின் மேல்தான் போகிறது. "இப்பிடியே இறங்காம இருந்தா எங்கட வீடு வந்திடும்" என்பார் சில நாளில், பகிடியாகத்தான். எனக்கு அது பகிடியாக இருக்கவில்லை. இறங்காமல் போய்விடுவாரோ என்று ஒவ்வொரு நாளும் அவர் இறங்கும்வரை பஸ் படியிலேயே நிற்பேன்.

கடைசியில் அதுதான் நடந்தது. ஒருநாள் பாலம் தாண்டியதும், "சேர், எனக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்திட்டுது. இந்தத் தவணையோட போறன்" என்றார். "நல்லது டீச்சர்" என்றேன். (நல்லதாம்! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றில் குதித்திருக்கலாம்.)

தவணை முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் அப்போது எனக்கு வாழ்க்கை. பஸ்ஸில் கேட்கலாம் என்று தைரியத்தைத் திரட்டித் திரட்டி வாயைத் திறக்கும்போது சரியாகப் பாலம் வந்துவிடும், டீச்சர் ஆற்றுக்குப் போய்விடுவார். ஆசிரியர் அறையில் கேட்கலாம் என்றால் பஸீலா டீச்சரின் காது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதுவேன், அழிப்பேன், எழுதுவேன், அழிப்பேன். அந்தப் பக்கம் அவருக்கு 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். "சேர், பெரிய கட்டுரை ஏதும் எழுதுறியளோ?" என்று வந்தது. பயந்துபோய்க் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஃபோனை அணைத்தேன்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. என்னிடம்தான் ஒரு லைன் இருக்கிறதே! யாருமே இல்லாத லைன்.

செயற்றிட்டத்தைக் காட்டும் நாள் தவணையின் கடைசி வாரத்தில் வந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து பணிப்பாளர் ஒருவர் பார்க்க வருவதாக ஏற்பாடு. எங்கள் பள்ளிக்கூடம் மலைச்சரிவில் படிக்கட்டுப் படிக்கட்டாகக் கட்டியது. விஞ்ஞான அறை மேலே, மண்டபம் கீழே. மேலிருந்து கீழே இரண்டு ஜோடி வயர் இழுத்தோம். ஒன்று பேசுவதற்கு. மற்றது இன்னொரு தொலைபேசிக்கு, அதைப் பூட்டுமுன் மேல்முனைக் கம்பிகளை ஒன்றாக முறுக்கிவிட்டுக் கீழிருந்து தடையை அளந்து பார்க்க வேண்டும்.

அதற்குச் சில நாள் முன்பு வீட்டில் தனுஷா ஏதோ கேட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு டீச்சரை நினைத்துக்கொண்டிருந்தேன். "ஆமா" என்றேன். அவள் கேட்டது என்ன என்பது எனக்கு அப்போது தெரியாது. "மாமா, வாறவங்க எல்லாருக்கும் கேக்கிற மாதிரி லைன்ல ஸ்பீக்கர் ஒண்ணு பூட்டட்டா?" என்று கேட்டாளாம்.

அன்று காலை, "டீச்சர், நீங்க மண்டபத்துக்குப் போங்க. ரெண்டாவது லைனோட தடைய அளந்து சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டு அறைக் கதவைச் சாத்தினேன். ரிசீவரை எடுத்தேன்.

"சேர், நான் வந்திட்டன்."

"தடை என்ன டீச்சர்?"

"பொறுங்கோ, பாத்துச் சொல்லுறன்."

இதுதான் சமயம் என்று தோன்றியது. என் வாயில் என்ன வரவேண்டும் என்று எத்தனையோ தரம் பழகியிருந்தேன். வந்தது வேறு.

"டீச்சர்... நீங்க இடமாற்றம் போனாலும்... வந்து... நமக்குள்ள ஒரு நிரந்தர இணைப்புக்கு வாய்ப்பு இருக்கா?"

"என்ன இணைப்பு?"

"கல்யாணம், டீச்சர்."

லைனில் கரகரவென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் வந்து உட்கார்ந்து, சலித்துப்போய்ப் பறந்து போனது. நான் செத்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பார். கரகரப்பில் என் கேள்வி அப்படியே அமுங்கிவிட்டது. சாமி காப்பாற்றியது. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தபோது, மெதுவாக, மிக மெதுவாக அவர் குரல் வந்தது.

"ஓம்."

அட, அளந்து முடித்துவிட்டாரே! நான் பேனாவை எடுத்தேன்.

"எத்தனை ஓம் டீச்சர்?"

இன்னும் மெல்லிய குரலில் வந்தது:

"ஒண்டு காணாதோ?"

ஒன்று, அதற்கு மேல் எதுவும் காணவில்லை என்கிறார், மீற்றரின் எழுத்து மங்கிவிட்டது போல, என்று நான் விளங்கிக்கொண்டேன். (நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.) அவ்வளவு நீள வயரில் ஒரே ஓம் வரக்கூடாது. இருபது முப்பதாவது காட்ட வேண்டும். என் தொழில் மூளை பளிச்சென்று விழித்துக்கொண்டது.

"ஒரு ஓமா! அப்ப எங்கயோ ஷோர்ட் ஆகியிருக்கு டீச்சர்! இந்த இணைப்பு சரிவராது. கழட்டிருங்க! ஒடனே கழட்டிருங்க!"

டக்கென்று ஒரு சத்தம். லைன் செத்தது.

கையில் இடுக்கியை எடுத்துக்கொண்டு, ஷோர்ட் எங்கே என்று வயரைத் தடவித் தடவிப் படியிறங்கினேன். அந்த நடையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னையே ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருக்கிறது.

மண்டபத்துக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர்கள் நின்றார்கள். பணிப்பாளர் நேரத்துக்கு முன்பே வந்து முன்வரிசைக் கதிரையில் டீயும் கையுமாக இருந்தார். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. பஸீலா டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை சொல்ல மறுக்கிறார்.

"என்னாச்சு?" என்றேன். "மீற்றர்ல எத்தன காட்டுது?"

தனுஷா முன்னால் வந்தாள். அவள் கையில் மீற்றர் இருந்தது.

"மாமா..." பள்ளிக்கூடத்துக்குள்ளே அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "மீற்றர் என்கிட்டதான் இருந்திச்சு மாமா. டீச்சர் அளக்கவே இல்ல."

நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் மேசையில் இருந்த பெரிய கறுப்பு ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

"டீச்சர் ஓம்னு சொன்னாங்க மாமா. ஓம்னா ஆமா. காணாதோன்னா போதாதா. ஒரு தடவ சொன்னது போதாதான்னு கேட்டாங்க. நீங்கதான்..." மீற்றரை மேசையில் வைத்துவிட்டாள்.

பணிப்பாளர் டீயைக் கீழே வைத்தார். நல்ல மனிதர். ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்ற நினைத்தார் போலிருக்கிறது. "தொலைபேசி நல்லா வேலை செய்யுது மாஸ்டர்" என்றார். "சத்தம் தெளிவு. விளக்கம்தான் கொஞ்சம் போதாது."

அப்போதுதான் மண்டபம் வெடித்தது. முன்வரிசையில் ரிஸ்வான் தரையில் உருண்டான். நான் இடுக்கியோடு வெளியே ஓடினேன்.

கௌரி டீச்சர் ஆறாம் வகுப்பு வராந்தாவில், யோகட் கோப்பைகள் அடுக்கியிருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கண் சிவந்திருந்தது. ஆனால் என்னைக் கண்டதும் அதே பழைய சிரிப்பு, வாயைக் கையால் மூடிக்கொண்டு.

"டீச்சர், நான்... அது... தடைன்னு நெனச்சிட்டேன். லைன்ல ஓம்னா தடைன்னு நான்தானே..."

"விளங்குது சேர். பிழை என்னிலதான். லைனில ஆமா எண்டுதான் சொல்லியிருக்கவேணும். அந்த நேரம் பாத்து அது வரேல்ல. எங்கட சொல்லுத்தான் வந்தது."

அந்த நேரம் பார்த்து எங்கட சொல்லுத்தான் வந்தது. பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியவன் நான். அத்தனை காலமாக அந்தச் சட்டத்தை ஒருதரம்கூட மீறாத மனுஷிக்கு, மனசைத் திறந்து சொல்லும்போது அம்மா வீட்டுத் தமிழ்தான் வந்திருக்கிறது. நான் அதை ஷோர்ட் என்று கழட்டச் சொல்லியிருக்கிறேன்.

"அப்ப, இப்ப ஒருக்கா..."

"சேர், இவ்வளவு சனத்துக்கு முன்னால ஒருக்காச் சொல்லியாச்சு. இன்னொருக்காச் சொல்ல எனக்கு ஏலாது." ஒரு கோப்பையை எடுத்து நூலை அதைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "அம்மா தனிய இருக்கிறா. நான் போய் அம்மாட்டக் கேட்டிட்டுச் சொல்லுறன். பொறுங்கோ."

தவணை முடிந்தது. அவர் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினார். அந்த பஸ்ஸும் அந்தப் பாலத்தின் மேல்தான் போனது. பாலத்தில் அவர் ஆற்றைப் பார்த்திருப்பார். நான் பின்னால் நின்று பஸ்ஸைப் பார்த்தேன்.

போய்க் கொஞ்ச நாளில் அழைத்தார். அம்மாவிடம் சொன்னதாகவும், அம்மா இன்னும் முடிவு சொல்லவில்லை என்றும் சொல்லி, பொறுக்கச் சொன்னார். அதற்கடுத்த முறை அழைத்தபோது அம்மா பக்கவாதத்தில் கைகால் விளங்காமல் படுக்கையில் விழுந்திருந்தார். தூக்கவும் புரட்டவும் டீச்சரை விட்டால் ஆள் இல்லை. "நான் இனி இஞ்சயிருந்து அசைய ஏலாது சேர். நீங்கள் உங்கட வாழ்க்கையப் பாருங்கோ" என்றார். நான் ஃபோனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. கடைசியில் அவரே, "சரி, அப்ப பொறுங்கோ" என்றார்.

பொறுத்துக்கொண்டிருக்கிறேன். சும்மா இல்லை, அவர் ஊருக்கே இடமாற்றம் கேட்டிருக்கிறேன். வடக்கிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போகக் கேட்பதைப் பார்த்துப் பழகிய அலுவலகம், எங்கள் பக்கத்து ஆள் ஒருவன் தலைகீழாகக் கேட்பதைக் கண்டு திகைத்துப் போயிருக்கிறது. போய் விசாரிக்கும்போதெல்லாம் "பொட்டக் இன்ன மாத்தயா" என்கிறார்கள். அதுவும் பொறுங்கோதான், சிங்களத்தில்.

வீட்டில் என் மானம் செயற்றிட்டம் காட்டிய அன்று பின்னேரமே போய்விட்டது. தனுஷா ஒன்று விடாமல் நடித்துக் காட்டினாள். அக்கா தலையில் கை வைத்தாள். "அடப் பாவி, கட்டிக்கச் சம்மதம்னு சொன்ன புள்ளயக் கழட்டிருங்கன்னு சொன்னியாடா?" மச்சான் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்க் குசினியில் நின்று சிரித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஒருமுறை சொன்னதை இரண்டாம்முறை கேட்க முடியாது. "டீ போடவா?" "ஆமா." "என்ன?" என்றால் போதும், வீடே சேர்ந்து "எத்தனை ஓம்?" என்று கத்தும். மச்சானின் தங்கைக்குக் கல்யாணம் பேச வந்த இடத்தில்கூட, மாப்பிள்ளை வீட்டார் "சம்மதம்தானே?" என்று இரண்டாம் தரம் கேட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் எல்லோரும் குனிந்துகொண்டு குலுங்கியதைக் கண்டு சம்பந்தமே முறியப் பார்த்தது.

நானும் சேர்ந்து சிரிக்கிறேன். காலையில் பஸ் பாலத்தில் ஏறும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். பக்கத்தில் யார் என்ன பேசினாலும் பாலம் முடிந்த பிறகுதான் பதில். அவர் பார்த்த ஆற்றை அவருக்காகவும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். நல்ல தண்ணீர் போகும் நாளில் ஒரு படம் எடுத்து அனுப்புவேன். "வடிவாயிருக்கு" என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவேன்.

விஞ்ஞான அறையில் பழைய சட்டத்தை அழித்துவிட்டேன். இப்போது பலகையில் இருப்பது: 'ஓம் எண்ணோடு வந்தால் தடை. எண் இல்லாமல் வந்தால் சம்மதம். சம்மதத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது.' புதிதாக வரும் பிள்ளைகள் காரணம் கேட்பதில்லை. அண்ணன் அக்காமார் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.

தனுஷா இப்போது கம்பஸில் படிக்கிறாள். அவள் படிப்பதும் தொலைத்தொடர்புதான். நான் கெடுத்த குடும்பப் பெயரைக் காப்பாற்றுகிறாளாம். இந்த வருஷச் செயற்றிட்டத்துக்கு லீவில் வந்து, பிள்ளைகளுக்கு வயர் பூட்டிக் கொடுத்தாள். அவள் கீழே மண்டபத்தில், நான் மேலே அறையில். அதே பழைய ரிசீவர், பிடி வெடித்து டேப் சுற்றியது.

"மாமா, கேக்குதா?"

"கேக்குது. மீற்றர் என்ன சொல்லுது?"

"மீற்றர விடுங்க. நான் ஒண்ணு கேக்கணும். வீட்டுல கேட்டா அம்மா அழுவாங்க, அதான் இதுல கேக்கிறேன்." கொஞ்சம் தயங்கினாள். "இன்னமும் டீச்சருக்காகத்தான் இருக்கீங்களா மாமா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். லைனில் கரகரப்பே இல்லை. பிள்ளைகள் நன்றாகத்தான் பற்றவைத்திருந்தார்கள். ஆமா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஓம்" என்றேன்.

அவள் விடுவாளா, அக்கா பெற்ற பிள்ளை! "எத்தனை ஓம் மாமா?"

"ஒண்டு காணாதோ?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. அடுத்த கணம் பிள்ளைகள் ஹோவென்று கத்திக் கைதட்டுவது ரிசீவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் ஒன்றாகக் கேட்டது. பாவி மகள், மறுபடியும் ஸ்பீக்கரைப் பூட்டியிருக்கிறாள்.

இந்த முறை நான் கழட்டச் சொல்லவில்லை.